ஏன் இரண்டு ஆமை என்று உனக்குத் தெரியாது

உன் கூட்டாளிகள் கூட்டு ரோட்டில் வைத்திருக்கும் கல்யாண பேனரைப் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன். பஸ் அங்கே நின்று ஆள் ஏற்றி முடிக்கும்வரை என் ஜன்னலுக்கு நேரே உன் முகம்தான். ஒரு கையில் கோப்பை, இன்னொரு கையில் விசிறி மாதிரி விரித்துப் பிடித்த கார்டுகள். பக்கத்தில் நிவேதாவின் படம், உன் படத்தில் பாதி அளவுக்கு. பின்னால் ராஜகிரியை ஒட்டியிருக்கிறார்கள், கோட்டையையே நீ கட்டின மாதிரி. ‘தன் மூளையால் டெக் கட்டித் தமிழகத்தை வென்ற செஞ்சிச் சிங்கமே’ என்று மேலே பெரிய எழுத்து. கீழே வாழ்த்துவோர் வரிசையில் உன் நைனாவும் நானும் கைகூப்பி நிற்கிறோம். என்னைக் கேட்காமலேயே என்னையும் கும்பிட வைத்துவிட்டார்கள். முதல் நாள் பார்த்தபோது இறங்கிப் போய்க் கிழித்துவிடலாமா என்றுதான் இருந்தது. பஸ்ஸில் என் மாணவிகள் இருந்தார்கள், அதனால் கிழிக்கவில்லை.

இதை உனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ என்னைப் பற்றிப் பேசியது தனியாக இல்லை. மேடையில், மைக் பிடித்து, கேமரா முன்னால் பேசினாய். அதனால் நானும் இதை உன் ஆட்டக்காரர்கள் எல்லோரும் படிக்கிற இடத்திலேயே போடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் பெற்றவள் மகனுக்கு எழுதும் கடிதம் என்றால் நாலு நல்ல வார்த்தை இருக்கும், இரண்டு இடத்தில் கண் கலங்கும், பெற்றவளும் தன் பங்குக்கு ஏதாவது தப்பை ஒப்புக்கொள்வாள் என்று எதிர்பார்ப்பார்கள். ஒப்புக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று நானும் தேடிப் பார்த்தேன். இந்த விஷயத்தில் என் பக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்த ஆட்டம் நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதை நீ பல மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறாய். நடந்ததை நான் சொல்கிறேன். நீ ஒன்பதாம் வகுப்பில் செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலையில் பசங்களோடு ஓடிப்பிடித்து விளையாடிக் கீழே விழுந்து காலை உடைத்துக்கொண்டாய். கட்டுப் போட்டு வீட்டில் கிடந்தபோது பெங்களூரிலிருந்து உன் அத்தை மகன் பார்க்க வந்தான். தான் விளையாடி அலுத்த கார்டுகளை ஒரு ஷூ பெட்டியில் போட்டு உனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். நாலு நாள் அதைத் தனியாகவே புரட்டிக்கொண்டிருந்தாய். அப்புறம் என்னைக் கூப்பிட்டாய். “ம்மா, எதிர்ல யாராச்சும் உக்காந்தாதான் ஆட முடியும். நைனாவ கேட்டா கடைய யார் பாக்கறதுன்றாரு. நீ வாயேன்.” தாவரவியல் விடைத்தாள் கட்டை ஒதுக்கி வைத்துவிட்டு உன் கட்டிலில் உட்கார்ந்தேன். விதிப் புத்தகத்தை நீ இரண்டு பக்கம் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டாய். கடைசி வரைக்கும் படித்தது நான்தான். படித்து உனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது காசு வைத்து ஆடும் சீட்டு இல்லை. ஆளுக்கு அறுபது கார்டு. ஆயிரக்கணக்கான கார்டுகளில் எந்த அறுபது என்பதை ஆடுகிறவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் டெக். ஒவ்வொரு கார்டிலும் ஒரு மிருகமோ வீரனோ மந்திரமோ இருக்கும், அது என்ன செய்யும் என்று கீழே எழுதியிருக்கும். முறை வரும்போதெல்லாம் டெக்கிலிருந்து ஒரு கார்டு எடுக்க வேண்டும். ஆடி முடித்த கார்டு பக்கத்தில் குப்பையாகச் சேரும். எதிராளியின் உயிரை அடித்துத் தீர்த்தால் ஜெயிக்கலாம். அவன் முறையில் எடுக்க அவனுக்குக் கார்டே இல்லாமல் போனாலும் நாம் ஜெயித்த மாதிரிதான். ஆடுவதில் பாதி வெற்றி. மீதிப் பாதி எந்த அறுபது என்பதில் இருக்கிறது. அந்தப் பாதியைத்தான் நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய்.

உன் கால் சரியானது, நீ பள்ளிக்கூடம் போனாய், கிரிக்கெட் போனாய். எனக்கு மட்டும் ஆட்டம் விடவில்லை. பத்தாம் வகுப்பு லீவில் உன்னைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டிச்சேரிக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே பொம்மைக் கடை ஒன்றின் மாடியில் இதே ஆட்டம் ஆடுகிறவர்கள் கூடுவார்கள். எல்லாம் உன் வயது, மிஞ்சிப் போனால் வேலைக்குப் போகிற பையன்கள். முதல் நாள் ஒருவன் எனக்கு நாற்காலி போட்டு, “ஆன்ட்டி, பையன் ஆடி முடிக்கிற வரைக்கும் இங்க உக்காருங்க” என்றான். நான் அவனுக்கு எதிரே அந்த நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவனைத் தோற்கடித்தேன். அப்போது நீ சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். திரும்பி வரும்போது திண்டிவனத்தில் பஸ் மாறுகிற வரைக்கும், “அவன் மூஞ்சி போன போக்க பாத்தியாம்மா” என்று சொல்லிக்கொண்டே வந்தாய். அன்றைக்கு என்னோடு அப்படிச் சிரித்த பையன் எங்கே போனான் என்று எனக்குத் தெரியவில்லை.

அங்கே எல்லோரும் வேகமாக அடிக்கிற டெக்தான் வைத்திருந்தார்கள். நாலாவது முறை வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஆடுவார்கள். எனக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை. வருகிற அடியை எல்லாம் தாங்கிக்கொண்டு, ஆட்டத்தை இழுத்து, எதிராளிக்கு எடுக்கக் கார்டே இல்லாமல் செய்தால் என்ன என்று யோசித்தேன். அவன் கார்டு தீரும் நேரம் எனக்கும் தீருமே என்றாய் நீ. அதற்குத்தான் அந்த ஆமையைக் கண்டுபிடித்தேன். மங்கிய பச்சையில் சேற்றில் கிடக்கிற ஆமை. கடைக்காரர் யாருக்கும் வேண்டாத கார்டுகளைப் போட்டு வைக்கிற டப்பாவில் அது கிடந்தது. குப்பையில் சேர்ந்த கார்டுகளில் சிலவற்றை எடுத்து நம் டெக்குக்கு அடியில் திரும்ப வைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. “அது குப்பை கார்டும்மா. அத வெச்சிகினு இன்னா பண்ணப்போற?” என்றாய். உன் கூடப் பாண்டியில் ஆடினவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

ஒரு கார்டைச் சேர்ப்பதற்காக இன்னொன்றை எடுக்க வேண்டும், எடுத்தால் ஒரு மாதம் ஆடிப் பார்க்க வேண்டும், ஆடித் தோற்றால் ஏன் தோற்றேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இப்படியே நீ காலேஜ் படித்த வருஷங்கள் முழுக்க அந்த டெக்கோடு மல்லுக்கட்டினேன். நீ லீவுக்கு வந்தால் எதிரே உட்காருவாய், அலுப்போடு. உன் முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு கார்டு வாங்கி வந்தாய். தங்க நிற விளிம்பு வைத்த நாகம், தேடி அலைந்து வாங்கினதாகச் சொன்னாய். டெக்கில் வைத்து இரண்டு மாதம் ஆடினேன். அழகான கார்டு, ஆனால் என் ஆட்டத்துக்கு உதவவில்லை. எடுத்துவிட்டேன். “நான் குடுத்ததும்மா அது” என்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். நீ கொடுத்தது என்பதற்காக அதை பீரோவில் என் கல்யாணப் புடவைக்குள் வைத்திருக்கிறேன். டெக்கில் அதற்கு இடமில்லை. இதை நீ அன்றைக்கும் புரிந்துகொள்ளவில்லை, இன்றைக்கும் புரிந்துகொள்ளப் போவதில்லை. டெக் கட்டத் தெரிந்தவனுக்கு மட்டும்தான் அது புரியும்.

அப்புறம் சென்னையில் மாநில அளவிலான போட்டி வந்தது. நான் பெயர் கொடுத்திருந்தேன். அந்தச் சனிக்கிழமை பார்த்து எனக்கு விழுப்புரத்தில் பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் வேலை போட்டார்கள், கெஞ்சியும் விடவில்லை. நீதான் போன் பண்ணினாய். “நான் ஆடறம்மா உன் டெக்க வெச்சி. ஜெயிச்சா உன் பேர சொல்றேன்.” உனக்காக நான் கார்டு கார்டாகச் சொல்லிக்கொடுத்தேன். எந்த எதிராளிக்கு எதை வைத்துக் காத்திருக்க வேண்டும், எப்போது ஆமையை இறக்கக் கூடாது, எல்லாம். நீ நன்றாக ஆடினாய், அதை மறைக்க மாட்டேன். பொறுமையே இல்லாத நீ அன்றைக்குப் பொறுமையாக ஆடினாய்.

நீ ஜெயித்த வீடியோவை நான் முதலில் பார்த்தது எங்கே தெரியுமா? ஆசிரியர் அறையில். வேதியியல் டீச்சர், “மிஸ், உங்க பையன் வீடியோ வந்துருக்குது பாருங்க” என்று போனை மேசை நடுவில் நிறுத்தி வைத்தார். எல்லோரும் சுற்றி நின்றோம். யாருமே தொடாத ஆமையை வைத்து ஆட வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று பேட்டி எடுத்த பெண் மைக்கை நீட்டினாள். நீ தலையை ஒரு பக்கம் சாய்த்து, “நாலு வருஷம் நானே உக்காந்து பண்ணதுங்க. எல்லாரும் சிரிச்சாங்க, நான் வுடல” என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால்கூட ஒரு வேளை நான் விழுங்கியிருப்பேன். வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். “எங்க அம்மா கிராமத்து டீச்சர். அவங்களுக்கு இதெல்லாம் சீட்டாட்டம். போலீஸ் புடிச்சிகினு போயிடும்னு திட்டுவாங்க” என்றாய். கூட்டம் சிரித்தது. ஆசிரியர் அறையும் சிரித்தது. “ஏன் மிஸ், பாவம், புள்ளைய அப்படியா திட்டுவீங்க?” என்று வேதியியல் டீச்சர் என் தோளைத் தட்டினார். நானும் சிரித்தேன். அடுத்த வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று ஒரு இலையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை மணி அடிக்கிற வரைக்கும் வரைந்துகொண்டே இருந்தேன்.

கோப்பையோடும் இனிப்புப் பெட்டியோடும் நீ வீட்டுக்கு வந்தாய். செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டேன்.

“இன்னாடா சொன்ன மேடையில?”

“அத பாத்துட்டியா? சும்மா ஒரு ஜாலிக்கும்மா.”

“டெக்க யார் பண்ணது?”

“நீதான். இல்லன்னா சொன்னேன்? அம்மா பண்ண டெக்குன்னு சொன்னா எவனாச்சும் மதிப்பானா? அப்படி சொன்னாதான் எடுபடும். உனக்கு இன்னாம்மா, நீ இன்னா போட்டிக்குப் போயி பேரா வாங்கப் போற?”

உன் நைனா உரக் கடையைப் பூட்டிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தார். இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “வுடு, புள்ளதான சொன்னான். ஊரே பேசுது, அத பாரு” என்றார். அன்றைக்கு அவரோடும் பேச்சை நிறுத்தினேன். அவர் ஒரு வாரம் தாங்கினார். பிறகு, தான் சொன்னது தப்பு என்று வந்து சொன்னார். நீ இன்றுவரை சொல்லவில்லை. டெக்கையும் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டாய். அதைக் காட்டித்தான் இப்போது இருக்கிற விளையாட்டுக் கம்பெனியில் வேலை வாங்கினாய். அதைப் பார்த்துத்தான் ஆட்டம் தெரிந்த நிவேதாவும் உன்னைக் கவனித்தாள் என்று நீயே பெருமையாகச் சொன்னாய்.

நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் அவள் நம் வீட்டில் இருந்தாள். நீ அவள் அப்பாவையும் தம்பியையும் கோட்டை காட்டக் கூட்டிப் போயிருந்தாய். நான் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தேன், அவளும் வந்து உட்கார்ந்து உரித்தாள். “அத்த, உங்களுக்குக் கார்டுன்னாலே ஆகாதாமே” என்றாள் சிரித்துக்கொண்டே. நான் முறத்திலிருந்து இன்னொரு பிடி அள்ளி உரித்தேன். உன் மானத்தை அன்றைக்குக்கூடக் காப்பாற்றத்தான் பார்த்தேன். அவளாகவேதான் தொடர்ந்தாள். “அவர்கிட்ட ஒண்ணு கேட்டுக்கினே இருக்கேன் அத்த, இதுவரைக்கும் ஒழுங்கா பதில் இல்ல. மூணு ஆமை வரைக்கும் வெச்சிக்கலாம்னு விதி இருக்கு. ஏன் ரெண்டே ரெண்டு வெச்சிருக்காருன்னு கேட்டா, ராசின்றாரு.”

ராசியாம். அவ்வளவு வருஷ வேலையை நீ ராசி என்று சொல்லி முடித்துவிட்டாய். முறத்தைத் தள்ளி வைத்தேன். “மூணு வெச்சா ஆரம்பத்துலயே கைக்கு வந்துடும்மா. அப்ப குப்பையில ஒண்ணுமே இருக்காது, அது எதத் திருப்பி வெக்கும்? கையில சும்மா எடத்த அடைச்சிகினு கெடக்கும். ஒண்ணே ஒண்ணு வெச்சா அடியில மாட்டிக்கினு வராமயே போயிடும். ரெண்டு வெச்சி, தேடி எடுக்கற கார்டு ரெண்டு கூட வெச்சா, வேணும்ன்ற நேரத்துக்கு வரும். வேண்டாதப்ப வராது” என்றேன். அவள் கையில் உரித்த வேர்க்கடலை அப்படியே இருந்தது. “நீங்கதானா?” என்றாள். கொல்லைப்புறத்துக்குப் போய்த் தோலைக் கொட்டிவிட்டு வந்தேன்.

அவள் உன்னிடம் கேட்டிருக்கிறாள். நீ என்ன சொன்னாய் என்பதை அவளே எனக்குப் போன் பண்ணிச் சொன்னாள். “அவர் சொல்றாரு, நீங்க அவர் ஆடறத பாத்துப் பாத்துக் கத்துக்கினு, இப்ப நீங்களே பண்ணதா நெனச்சிக்கறீங்களாம். வயசாவுதுன்றாரு. நான் எதையும் நம்பல அத்த, உங்ககிட்ட கேக்கணும்னுதான் பண்ணேன்.” எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பன்னிரண்டாம் வகுப்புக்கு இன்றைக்கும் புத்தகம் பார்க்காமல் பாடம் எடுக்கிறேன். மேடையில் என்னைப் பட்டிக்காடு ஆக்கினாய், பொறுத்தேன். வீட்டுக்கு வரப்போகிற பெண்ணிடம் என்னைப் புத்தி பிசகினவளாக ஆக்கினாயே, அதை இந்த ஜென்மத்தில் நான் பொறுக்கப் போவதில்லை.

அவளிடம் நடந்ததை முழுதாகச் சொன்னேன். அவள் கல்யாணத்தை நிறுத்தவா என்று கேட்டாள். நிறுத்து என்று என் வாய் வரைக்கும் வந்தது. “அது நீ முடிவு பண்ண வேண்டியதும்மா. அவன் திருடன், ஆனா குடிகாரன் இல்ல, அடிக்கறவன் இல்ல. அவன்கிட்ட எது கெட்டது, எது நல்லதுன்னு ரெண்டும் உனக்குத் தெரியணும், அவ்ளோதான்” என்றேன். அவள் யோசித்து, கல்யாணம் நடக்கட்டும் என்று முடிவெடுத்தாள். ஆனால் தாலி ஏறும் முன்பு நீ உன் வாயால் உண்மையை எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும் என்று உன்னிடம் கேட்டிருக்கிறாள். நீ இன்னும் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்துவிட்டேன்.

பெற்றவள் என்கிற முறையில் உனக்கு ஒரே ஒரு புத்தி சொல்கிறேன். நிவேதா கெட்டிக்காரி. உன்னோடு வாழ்கிற காலத்தில் நல்ல யோசனைகள் அவளுக்குத் தோன்றும், சாப்பிடும்போது சாதாரணமாக உன்னிடம் சொல்வாள். மறுநாள் ஆபீஸில் அதை உன் யோசனையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்க உனக்கு நாக்கு ஊறும். ஒரு தடவை அப்படிச் செய்தால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். இரண்டாவது தடவையிலிருந்து உன்னிடம் எதையும் சொல்லாமல் நிறுத்திக்கொள்வாள். நீ பல வருஷம் கழித்துத்தான் அந்த மௌனத்தைக் கவனிப்பாய். நானே உன்னிடம் அப்படி நிறுத்திக்கொண்டவள் என்பதால் எனக்குத் தெரியும்.

போன வாரம் நீ கூப்பிட்டு, கல்யாணம் முடிந்த அடுத்த மாதம் தென்னிந்தியப் போட்டி இருக்கிறது, டெக்கில் எதை மாற்றலாம் சொல்லும்மா என்று கேட்டாய். யாரோ புதிதாக ஒருவன் ஆன்லைனில் உன்னைத் தொடர்ந்து தோற்கடிக்கிறான் என்றும், ஆமையை நீ இறக்கும் முன்பே உன் குப்பையை மொத்தமாக ஆட்டத்திலிருந்து துடைத்து எடுத்துவிடுகிறான் என்றும், அதற்கப்புறம் ஆமைக்கு எடுத்து வைக்க ஒன்றுமே இல்லை என்றும் புலம்பினாய். அந்த டெக்கில் அப்படி ஒரு ஓட்டை இருக்கிறது என்பது கட்டினவளுக்கு முதலிலிருந்தே தெரியும். அப்போதே நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அப்போது நீ கேட்கவே இல்லை. போனில் நான், “தெரியலடா, எனக்கு வயசாயிடுச்சி” என்றேன். நீ அதைக்கூடப் புரிந்துகொள்ளாமல் போனை வைத்தாய்.

கல்யாணத்துக்கு வருவேன். மணையில் உட்கார வேண்டிய நேரம் உட்காருவேன், உனக்கு அட்சதை போடுவேன், நிவேதாவுக்கு என் வளையலைப் போடுவேன். தென்னிந்தியப் போட்டிக்கும் வருவேன். என் பெயரைக் கொடுத்தாயிற்று, இந்த முறை லீவும் முன்கூட்டியே வாங்கியாயிற்று. கோப்பை வாங்கின அந்த டெக்கை நீயே வைத்துக்கொள், எனக்கு அது வேண்டாம்.

சனிக்கிழமை மத்தியானம் ஆன்லைனில் தோற்ற பிறகு நீ அந்த ஆளுக்கு ஒரு வரி அனுப்பினாய். ‘ப்ரோ, செம டெக். யாரு பண்ணது?’ என்று கேட்டிருந்தாய். அப்போது அடுப்பில் பால் வைத்திருந்தேன், பதில் போடவில்லை. இப்போது போடுகிறேன்.

நான்தான்டா. உங்க அம்மா.